சிங்கத்துக்கு எது இடது

பெங்களூரு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தோம். பச்சை முகம், பிதுங்கிய கண்கள், வாயின் இரண்டு ஓரத்திலும் கோரைப் பல், நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதிகாரி அரை அடி பின்வாங்கினார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் கன்னடத்தில் ஏதோ கேட்டார். அவரும் வந்து எட்டிப் பார்த்தார்.

"இது எந்த ஊர் சாமி?" என்றார் என்னிடம், ஆங்கிலத்தில்.

"சாமி இல்லை சார், சிங்கம்."

"சிங்கம் இப்படியா இருக்கும்?"

நியாயமான கேள்வி. எங்கள் ஊர், மலேசியாவின் கிள்ளானிலேயே பலர் இதைக் கேட்பார்கள். சீனப் பெருநாள் நேரத்தில் பேரங்காடிகளில் இமை கொட்டி, காதை ஆட்டி, கம்பத்துக்குக் கம்பம் தாவுமே, அந்தச் சிங்கம்தான் எல்லோருக்கும் தெரிந்த சிங்கம். எங்களுடையது ஹொக்கியன் மொழி பேசும் சீனர்களின் பச்சைச் சிங்கம். முகம் முறம் மாதிரித் தட்டையாக இருக்கும். இமை கிடையாது. கம்பத்தில் ஏறாது. தரையில் நின்று சண்டை போடும். கம்பு, சூலம், வாள், பிரம்புக் கேடயம் என்று ஆளுக்கொரு ஆயுதத்தோடு சுற்றி வந்து அடிப்பார்கள். சிங்கம் குனியும், விலகும், திருப்பி முட்டும். சண்டைக்கலை படித்தவர்கள்தான் இந்தச் சிங்கத் துணியைத் தொடலாம் என்பது எங்கள் குழுவின் விதி.

என் பெயர் குணசேகரன். வயது ஐம்பத்திரண்டு. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏற்றுமதி அலுவலகத்தில் எழுத்தர். நான் பிறந்த சந்தில் ஹொக்கியன் பேசாத வீடு எங்களுடையது ஒன்றுதான். அதனால் மலாய் வருவதற்கு முன்பே எனக்கு ஹொக்கியன் வந்துவிட்டது. முப்பது வயதில் இந்தக் குழுவில் சேர்ந்து எட்டு வருடம் சிங்கத்தின் வாலாக ஆடினேன். முட்டி போன பிறகு சேகண்டி அடிக்கிறேன்.

பெங்களூருவில் நடக்கும் ஒரு தற்காப்புக் கலை விழாவுக்கு எங்களை அழைத்திருந்தார்கள். எங்கள் மாஸ்டர் லிம் ஒரே நொடியில் கணக்குப் போட்டார். பெங்களூரு இந்தியாவில் இருக்கிறது, குணா தமிழன், ஆகவே மொழிபெயர்ப்பாளர் கிடைத்துவிட்டார். அங்கே கன்னடம் பேசுவார்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். வெளியூர் பார்க்கிற ஆசையில் வாயைத் திறக்கவில்லை.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் சாலை எங்கள் நெடுஞ்சாலை மாதிரிதான் இருந்தது, ஹெப்பாள் வரும்வரை. அங்கே வண்டியின் பின்சக்கரம் பஞ்சர். சிங்கத்தின் பெட்டி பின்னால் நுழையாததால், தலையாக ஆடுகிறவனான செங் சிங்கத் தலையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வந்தான். ஓட்டுநர் சக்கரம் மாற்றும்போது அவன் அதைத் தூக்கிக்கொண்டு சாலையோரம் நின்றான். ஸ்கூட்டரில் போன ஒருவர் திரும்பி வந்து நிறுத்தினார்.

"இது எங்க கெடச்சுது? எங்க வீடு கட்டிட்டிருக்கோம். இந்த மாதிரி ஒண்ணு மாட்டுனா ஒரு கண்ணும் படாது" என்றார், நான் தமிழ் என்று முகத்தைப் பார்த்தே முடிவு செய்து.

அப்போதுதான் கவனித்தேன். வழியில் பாதி கட்டிய மாடிகளில் எல்லாம் கோரைப் பல்லோடு ஒரு திருஷ்டி முகம் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் சிங்கத்துக்கு ஊர் முழுக்க உறவினர்கள். செங்கிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பதினோரு வருடமாக அந்தத் தலையைத் தூக்குகிறவன். வேடிக்கையாகப் பேசினால் பிடிக்காது.

எங்களைக் கவனித்துக்கொண்டவர் அருள்தாஸ். வங்கியில் ஓய்வு பெற்றவர். லிங்கராஜபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள கூடத்தில் குங்ஃபூ வகுப்பு எடுக்கிறார். அவர் வீட்டு மாடியில்தான் நாங்கள் ஐந்து பேரும் தங்கினோம். மாஸ்டர் லிம் பறை அடிப்பவர். செங் தலை, ஜேசன் வால், கியாட் வாள் சண்டை, நான்.

"வாங்க வாங்க. டிபன் ஆச்சா?" என்றார் அருள்தாஸ்.

"இன்னும் பசியாறல" என்றேன். எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் நாங்கள் பட்டினி கிடந்து வந்ததாக நினைத்து உள்ளே ஓடினார்.

அவர் மனைவி எஸ்தர் மிளகு போட்டு வறுத்த பன்றிக்கறியும் ஆப்பமும் வைத்தார். கிள்ளான் சீனர்களுக்குப் பன்றிக்கறி என்றால் மூலிகை மணக்கும் சாறு, பக்கத்தில் சோறு. இங்கே சொட்டுச் சாறு இல்லாமல் கறுப்பாக, தேங்காய்ச் சில்லோடு இருந்தது. மாஸ்டர் லிம் ஒரு வார்த்தை பேசாமல் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். அவர் அதிகபட்சமாகப் பாராட்டுவது அப்படித்தான்.

சாப்பிட்ட பிறகுதான் சிக்கலைப் பேசினோம். ஆட்டத்தில் கடைசியாக வருவது கம்பு. கம்புக்காரனின் மனைவிக்குப் பிரசவ வலி மூன்று வாரம் முன்னதாக வந்துவிட்டதால் அவன் கிள்ளானிலேயே நின்றுவிட்டான். கம்பு இல்லாமல் ஆட்டம் முடியாது. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி. அன்று புதன்.

"ஆனேக்கல்ல ஒரு பொண்ணு இருக்கு, ரேணுகான்னு" என்றார் அருள்தாஸ். "சிலம்பம். சும்மா பந்தாவுக்குச் சுத்துற ஆளு இல்லப்பா. நெஜமா சண்ட கம்பு."

மாஸ்டர் லிம்மிடம் சொன்னேன். அவர் "பெண்ணா?" என்று ஒரு முறை கேட்டார். வேறு ஆள் இல்லாததால் மறு முறை கேட்கவில்லை.

வியாழன் காலை நானும் மாஸ்டரும் செங்கும் சிங்கத் தலையோடு ஆனேக்கலுக்குப் பேருந்தில் போனோம். ஓசூர் சாலையில் வண்டி நகர்ந்ததைவிட நின்றதே அதிகம். சந்தாபுராவில் ஒரேயடியாக நின்றுவிட்டது. நடத்துனர் இறங்கிப் போய்ப் பார்த்து வந்து கன்னடத்தில் அறிவித்தார். பக்கத்திலிருந்த பெண்மணி எனக்குத் தமிழில் சொன்னார்: "கிளட்சு போச்சாம். பின்னால வர்ற வண்டியில ஏறிக்கச் சொல்றாரு. அதுலயும் இடம் இருக்காதாம், அதயும் அவரே சொல்றாரு." இடம் இல்லைதான். சிங்கத் தலையைப் பார்த்து ஆட்கள் தாமாக ஒதுங்கினார்கள்.

ரேணுகாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான, உயரமான பெண். ரோஜாப் பண்ணையில் பூக்களைத் தரம் பிரிக்கும் வேலை. வீட்டுக்குப் பின்னால் ராகி அறுத்த வயலில் எங்களுக்காகக் காத்திருந்தார். வாடகை வீடு, இரண்டு பெண் பிள்ளைகள், லாரி ஓட்டும் கணவர் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஓசூர்ப் பக்கத் தமிழ். நடுவில் பிள்ளைகளிடம் மட்டும் கன்னடம்.

செங் தலையைப் பிடித்து ஒரு சுற்று ஆடிக் காட்டினான். ரேணுகா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஏன் சார், அந்தச் சிங்கத்த எதுக்கு அடிக்கறது? என்ன பண்ணுச்சு அது?"

மாஸ்டரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துச் சொன்னதை இப்படி மொழிபெயர்த்தேன்: "அது ஒண்ணும் பண்ணலயாம். அடி படாம எவ்வளவு கிட்ட வர முடியும்னு ரெண்டு பேரும் பாக்கறதுதான் ஆட்டமாம்."

"அப்போ சரி" என்று கம்பை எடுத்தார்.

கம்பு சுழன்ற வேகத்தில் எனக்கு முதலில் சத்தம்தான் கேட்டது. மாஸ்டர் லிம் தன் கைகளால் அடி விழ வேண்டிய பக்கத்தைக் காட்டினார். அந்தக் கையைப் பார்த்தே ரேணுகா அடித்தார். ஒவ்வொரு அடியும் சிங்கத்தின் முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளித் தரையில் விழுந்தது. பிறகு அரைச் சாண். திரும்பி வரும்போது மாஸ்டர் என்னிடம், "எங்கள் பையனைவிட இவள் நன்றாக நிறுத்துகிறாள்" என்றார். அடிப்பது யாருக்கும் வரும், பாதியில் நிறுத்துவதுதான் கை என்பார் அவர்.

வெள்ளிக்கிழமை மதியம் கூடத்துக்கு வெளியே முற்றத்தில் ஒத்திகை. ரேணுகா அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தார். கம்பு, பறை, சேகண்டி எல்லாம் சேர்ந்து முழு ஆட்டம். இரண்டு முறை நன்றாகப் போனது. மூன்றாம் முறைக்கு முன்னால் மாஸ்டர் என்னைச் சற்று நிறுத்தச் சொல்லி, சேகண்டி இல்லாமல் பறையை மட்டும் வைத்துப் பார்க்கலாம் என்றார். நான் ஓரமாக மதில் பக்கம் போய் நின்றேன்.

அங்கே ஒரு பெரியவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மலேசியா என்றதும் பிடித்துக்கொண்டார். அவருடைய மச்சினர் காப்பாரில் இருக்கிறாராம், எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரம். எந்தத் தெரு, என்ன வேலை என்று நான் விசாரித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த மச்சினரின் காலணிக் கடையில் நான் சப்பாத்து வாங்கியிருக்கிறேன்.

பின்னால் பறை வேகம் எடுத்தது. மாஸ்டர் ஆட்டத்தின் நடுவில் ஏதோ மாற்ற நினைத்து, ஹொக்கியனில் "இடது! இந்த முறை இடது!" என்று கத்தினார். நான் திரும்பாமலே, தோளுக்கு மேலே, தமிழில் "இடது! இடது!" என்று கத்திவிட்டு, பெரியவரிடம் அந்தச் சப்பாத்து இன்னும் வீட்டில் இருப்பதாகச் சொன்னேன்.

கம்பு தரையில் பட்டால் ஒரு சத்தம். விரலில் பட்டால் வேறு சத்தம். திரும்புவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் ஆட்டத்தில் இடது என்றால் அடி சிங்கத்தின் இடது பக்கம் விழும், சிங்கம் மறுபக்கம் விலகும். எதிரே நிற்பவர்களுக்கு அந்த இடது, வலது பக்கம். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் சொல்கிறோம். சொல்லிச் சொல்லி, அதைச் சொல்ல வேண்டும் என்பதே மறந்துவிட்டது. ரேணுகா தன் இடது பக்கம் அடித்தார். செங் சரியாக அந்தப் பக்கம்தான் விலகி வந்திருந்தான்.

செங் சத்தம் போடவில்லை. தலையைக் கவனமாகத் தரையில் வைத்துவிட்டு, வலது கையைக் கக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தான். ரேணுகா கம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவன் காலைத் தொட்டார். அவன் பதறிக் காலை இழுத்துக்கொண்டான். சீனர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பக்கத்தில் உள்ள மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் எலும்பில் கீறல். ஆறு வாரம் கட்டு. வெளியே நாற்காலியில் ரேணுகா உட்கார்ந்திருந்தார். "எம்மேலதான் தப்பு, எம்மேலதான் தப்பு" என்று அருள்தாஸிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை முழுவதும் படித்தேன்.

மாஸ்டர் லிம் என்னைக் கூப்பிட்டு, ஹொக்கியனில் நீளமாகப் பேசினார். நேற்று தான் சொன்னதை வாபஸ் வாங்குவதாகவும், இந்தப் பெண்ணின் கைக்குக் கட்டுப்பாடு இல்லை என்றும், வெளியாளை நம்பியது தன் முட்டாள்தனம் என்றும், நன்றி சொல்லி அனுப்பிவிடு, இனி வர வேண்டாம் என்றும் சொன்னார்.

நான் ரேணுகாவிடம் போய், "மாஸ்டர் கொஞ்சம் யோசிக்கணும்னு சொல்றாரு" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவரு அவ்ளோ நேரம் பேசுனாரு. நீங்க இவ்ளோதான் சொல்றீங்க. பரவால்ல சார், புரிஞ்சுது."

கம்பை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போனார். நான் கூடப் போகவில்லை.

அன்று மாலை எஸ்தர் மீன் குழம்பு வைத்திருந்தார். குற்ற உணர்ச்சியில் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகவே சாப்பிட்டேன். சாப்பிடும்போது செங் இடது கையால் கரண்டியைப் பிடிக்கத் தடுமாறினான். அதைத்தான் பார்க்க முடியவில்லை. வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

சனிக்கிழமை காலை மாஸ்டரும் செங்கும் நானும் தெருமுனையில், நின்றுகொண்டே சாப்பிடும் ஒரு உணவகத்துக்குப் போனோம். இங்கே உட்கார இடம் தேடுவதில்லை. உயரமான மேசையில் தட்டை வைத்து, எதிரே நிற்கும் முன்பின் தெரியாதவரின் சட்னியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். எங்கள் ஊர்க் கடைகளில் ஒரு காப்பியோடு பாதி நாள் உட்காரலாம். மூன்று செட் தோசை வாங்கினோம். செங்குக்காக நான் தோசையைப் பிய்த்து வைத்தேன். பிய்த்து முடித்ததும் சொல்லிவிட்டேன்.

"மாஸ்டர், அவள் சரியாகத்தான் அடித்தாள். நான்தான் இடது என்று சொன்னேன். யாருடைய இடது என்று சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை."

மாஸ்டர் மெல்லுவதை நிறுத்தினார்.

செங் ஒரு துண்டு தோசையை வாயில் போட்டுக்கொண்டு, "தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"நான் படித்த பள்ளியில் பாதிப் பேர் தமிழ்ப் பிள்ளைகள். இடது, வலது தெரியாதா? நீ கத்தியபோதே தெரிந்துவிட்டது. தலையைத் திருப்ப நேரம் இல்லை, அவ்வளவுதான்."

"அப்படியென்றால் நேற்று ஏன் சொல்லவில்லை?"

"நீ சொல்வாய் என்று பார்த்தேன்."

எதிரே நின்று சாப்பிட்டவர், நாங்கள் என்ன மொழி பேசுகிறோம் என்று தன் நண்பரிடம் கேட்டார். ஜப்பான் மொழி என்றார் நண்பர். மாஸ்டர் லிம் தன் காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

"என்னிடம் சொல்லி என்ன பயன்? அவளிடம் போய்ச் சொல்" என்றார்.

பேருந்தை நம்பாமல் ஆட்டோ பிடித்தேன். ரேணுகா வேலைக்குப் போயிருந்தார். பண்ணை அத்திபெலே போகும் வழியில் என்றார்கள். அங்கே ஆட்டோ வர மறுத்ததால், பூக்கூடை ஏற்ற வந்த ஒரு சரக்கு வண்டியில், பின்னால் உட்கார்ந்து போனேன். கூரை போட்ட பெரிய கொட்டகை. காவலாளி உள்ளே ஆள் அனுப்பினார். குளிர் அறையிலிருந்து ரேணுகா வெளியே வந்தார். அந்த வெயிலில் கம்பளிச் சட்டை, கையில் தடித்த உறை.

"அவரு விரல் எப்படி இருக்கு?" அதுதான் முதல் கேள்வி.

"கட்டு போட்டிருக்கு. வலி இருக்கு. ரேணுகா, நான் ஒண்ணு சொல்லணும். தப்பு உங்க மேல இல்ல." சொன்னேன். சிங்கத்தின் இடது, எதிராளியின் வலது, மதில் ஓரம், பெரியவர், சப்பாத்து வரை சொன்னேன்.

அவர் ஒரு கையின் உறையை மெதுவாகக் கழற்றினார். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அப்பவே."

"ஆஸ்பத்திரில உக்காந்திருந்தமே, அப்ப?"

"தெரியும்."

"நான் அவரு கால தொட்டப்ப?"

"தெரியும்."

உள்ளேயிருந்து யாரோ கன்னடத்தில் குரல் கொடுத்தார்கள். லாரி கிளம்பப் போகிறது, இன்னும் எத்தனை கட்டு பாக்கி என்று இருக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"பத்தொம்பது வருஷமா கம்பு பிடிக்கறேன் சார். போட்டியில அடிச்சிருக்கேன், வாங்கியிருக்கேன். தெரியாம ஒருத்தர் மேலயும் பட்டதில்ல. நேத்து வீட்டுக்குப் போயி கம்ப எடுத்துப் பரண் மேல போட்டுட்டேன். இனி தொடமாட்டேன்னு எங்க வீட்டுக்காரருக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன். சின்னப் பொண்ணு என்ன கேட்டுச்சு தெரியுமா? 'அம்மா, அந்த மாமாவுக்கு இனிமே கை வராதா'ன்னு கேட்டுச்சு."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அது அந்த இடத்தில் மிகச் சின்னதாகக் கேட்டது.

"இப்ப எதுக்கு வந்தீங்க? நாளைக்கு ஆள் வேணும்னா?"

"இல்ல. இத சொல்லத்தான் வந்தேன். மாஸ்டரும் உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு. நாளைக்கு வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

அவர் உறையை மறுபடி மாட்டிக்கொண்டார். நடந்து உள்ளே போய்விட்டார் என்றே நினைத்தேன். வாசலில் நின்று திரும்பினார்.

"வரேன். காலைல சீக்கிரம் வந்துடறேன். ஆனா நீங்க நடுவுல நிக்கக் கூடாது. உங்க தமிழ் எனக்கு வேணாம். அவரு கையக் காட்டட்டும், எனக்கு அது போதும்."

இதை மாஸ்டர் லிம்மிடம் ஒரு எழுத்துக்கூட விடாமல் சொன்னேன். அவர் முதல் முறையாகச் சிரித்தார். பிறகு கணக்குப் போட்டார். செங் தலையைத் தூக்க முடியாது. ஜேசன் தலைக்குப் போக வேண்டும். அப்படியென்றால் வால் காலி.

"உன் வாய்க்கு வேலை இல்லை" என்றார். "வாலுக்குப் போ."

"என் முட்டி..."

"தெரியும். குனிந்தே இரு."

ஞாயிற்றுக்கிழமை. கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளி மைதானம். கராத்தே, களரி, டேக்வாண்டோ என்று பல குழுக்கள். ரேணுகா விடிந்ததும் வந்துவிட்டாராம். மைதானத்துக்குப் பின்னால் மாஸ்டரே தலையைப் பிடித்து, கையால் காட்டிக் காட்டி அவரோடு ஒத்திகை பார்த்தார். சொன்னபடி நான் அந்தப் பக்கமே போகவில்லை. வகுப்பறை ஒன்றில் ஜேசனும் நானும் காலடி மட்டும் போட்டுப் பார்த்தோம். பதினான்கு வருடம் கழித்து அந்தத் துணிக்குள் போனேன். அதே புழுக்கம். ஜேசனின் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டு குனிந்தால் தரையும் கால்களும்தான் தெரியும்.

எங்கள் முறை வந்தது. மாஸ்டர் பறை. செங் இடது கையால் சேகண்டி. கொஞ்சம் தாமதமாக விழுந்தாலும் தாளம் போகவில்லை. முதலில் கியாட் வாளோடு வந்தான். அவன் காலணியை எனக்குத் தெரியும், பயமில்லை. பிறகு வெறும் பாதங்கள் வந்தன. வெள்ளிக் கொலுசைக் கழற்றிய தடம் கணுக்காலில் வெளுப்பாக இருந்தது.

கம்பின் காற்று முதுகுத் துணியைத் தூக்கியது. இடம், வலம், யாருடையது என்று யோசிக்கவே எனக்கு நேரம் இல்லை. ஜேசனின் இடுப்பு போன பக்கம் போனேன். கம்பு ஒவ்வொரு முறையும் நாங்கள் இப்போதுதான் விட்டு வந்த இடத்தில் விழுந்தது. கூட்டத்தின் இரைச்சல் எழுவதும் அடங்குவதும் கேட்டது. கடைசிக்கு முந்தைய கட்டம், சிங்கம் முழு உடலோடு எகிறிப் பின்வாங்க வேண்டும். மேலிருந்து வரும் அடி, சிங்கம் விட்டுச் சென்ற வெற்றுத் தரையில் விழ வேண்டும்.

ஜேசன் எகிறினான். என் முட்டி வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், நடுவில் துணி இழுபட்டது. கம்பு கிளம்பிவிட்ட சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. துணிக்கு மேலே, என் முதுகுத்தண்டில், ஒரு விரல் வைத்த மாதிரி ஏதோ தொட்டது. அவ்வளவுதான். அங்கேயே நின்றது. பறை நின்றது. மைதானமே நின்றது. பிறகு கம்பு என் முதுகிலிருந்து எழும்பி, இரண்டு முறை தலைக்கு மேல் சுற்றி, தரையில் ஓங்கி விழுந்தது. மாஸ்டர் லிம் அந்த அடியோடு சேர்த்துப் பறையை அடித்தார். ஜேசன் புரிந்துகொண்டு சிங்கத் தலையை ரேணுகாவின் பாதத்துக்கு முன்னால் தாழ்த்தினான். கிள்ளானில் நாங்கள் ஒரு நாளும் அப்படி முடித்ததில்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

மைதானத்தின் ஓரத்துக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன், துணி இன்னும் தலைமேல். ரேணுகா வந்து அதைத் தூக்கிப் பார்த்தார்.

"நீங்களா உள்ள இருந்தது?"

"ஆமா."

"எங்கிட்ட யாரும் சொல்லலயே."

"சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா லேசா பட்டிருக்கும்" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் கம்பின் மறுமுனையை என் பக்கம் நீட்டினார். பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

செங் அங்கே வந்தான். கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்து, ரேணுகாவுக்கு இடுப்பு வளையக் குனிந்தான். அவரும் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார். பிறகு தன் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ரோஜாக்களை எடுத்து அவனிடம் கொடுத்தார். ஏற்றுமதித் தரத்தில் தேறாதவையாம், காம்பு வளைந்தவை. எனக்குக் கொடுக்கவில்லை.

திங்கள்கிழமை கிளம்பினோம். ரேணுகா வேலைக்குப் போயிருந்ததால் வழியனுப்ப வரவில்லை. எஸ்தர் ஒரு பொட்டலம் மிளகுக்கறி கட்டிக் கொடுத்தார், விமான நிலையத்தில் அதைப் பிரிக்கச் சொன்னார்கள், பிரித்த கையோடு மாஸ்டர் அங்கேயே நின்று முடித்துவிட்டார்.

செங்கின் விரல்கள் சேர்ந்துவிட்டன. சுண்டு விரல் மட்டும் கொஞ்சம் வளையாமல் நிற்கிறது. அதனால் தலையைப் பிடிக்கும் விதத்தை மாற்றிக்கொண்டான். புதிதாகக் குழுவில் சேர்பவர்கள் விரலைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். "பெங்களூருவில் ஒரு பெண், அவளைப் போல் கம்பை நிறுத்துகிற ஆளை நான் பார்த்ததில்லை, அவள் கம்பு பட்டது" என்று செங் பெருமையாகச் சொல்வான். நான் பக்கத்தில் நின்றாலும் என் பெயரைச் சொல்வதில்லை. அவன் முடித்த பிறகு மீதியை நான் சொல்கிறேன்.